கழுவிய வடிதாள்

உள்ளங்கை அகலம். வட்டம். வெள்ளை.
தராசில் வைக்கையில் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்;
என் மூச்சே முள்ளை நகர்த்திவிடும்.

செவ்வாய்க்கிழமை
நாசிப்ரோலாவின் பால்கனியில் பம்பைப் பொருத்தினேன்.
குரா ஆற்றுக்கு இக்கரை, மூன்றாம் மாடி,
சிமெண்டுச் சூளையின் காற்று வந்து இறங்கும் பக்கம்.
"இருபத்து நாலு மணி நேரம்
நீங்கள் இழுக்கிற காற்றை இதுவும் இழுக்கும்" என்றேன்.
"பாவம்" என்றாள்,
பம்பைப் பார்த்து.

புதன்கிழமை போனால்
மேசை நிறைந்திருந்தது.
அக்ரூட் அரைத்துச் சுருட்டிய கத்தரிக்காய்,
அடுப்பில் இருந்து அப்போதுதான் வந்த ரொட்டி,
பச்சைப் பிளம் சட்னி.
உட்காரு, முதலில் சாப்பிடு, தினாரா.
பம்பு உறுமிக்கொண்டிருந்தது. மூடியைத் திருகினேன்.

தாள் பளிச்சென்றிருந்தது.
ஓரத்தில் மட்டும்
ஈரம் காய்ந்த சிறு சுருக்கம்.

"காலையில் பார்த்தேன், சாம்பலாய்க் கிடந்தது.
விருந்தாளி வருகிற வீட்டில் அப்படியா வைப்பது?
கிழியாமல் அலச என்ன பாடுபட்டேன் தெரியுமா!"

சிரிப்பு வந்தது எனக்கு. பிறகு கோபம்.
பிறகு
ஜன்னல் விளிம்பில் அவள் விரல்
தானாக ஓடித் திரும்பியதைப் பார்த்தேன்.
பேசிக்கொண்டே துடைக்கிறாள்.
ஊற்றிக்கொண்டே துடைக்கிறாள்.
நாளுக்கு மூன்று முறை என்கிறாள், காற்றடித்தால் ஐந்து.
பக்கத்து வீட்டு ஜுஜுனா
அவளுக்குச் சுத்தம் போதாது என்று சொன்னாளாம்
எட்டு வருடத்துக்கு முன்.
இன்னும் பேச்சு இல்லை.

தெங்கிஸ் இரவு வேலை முடித்து உள்ளே வந்தான்.
சட்டையை வாசலிலேயே கழற்றி
தனி வாளியில் போட்டான்.
கை குலுக்கினான்: விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு,
பாலம் பாலமாக, ஓரம் சிவந்து.
"ஈர சிமெண்டு தின்றது" என்றான்,
நாய் கடித்தது என்பதைப் போல.
குரோமியம் என்று எனக்குத் தெரியும்.
சொன்னேன். தலையாட்டினான்.
சம்பளம் அங்கிருந்துதான் வருகிறது,
இந்த ரொட்டி, இந்தப் பிளம்,
மரேகியின் இன்ஹேலர்கூட.

மரேகிக்கு ஏழு வயது.
பால்கனித் தரையில் படுத்து
தூசியில் விரலால் குதிரை வரைந்துகொண்டிருந்தாள்.
வரைந்த விரலை வாயில் வைத்துக்கொண்டு
வாலை எங்கே போடுவது என்று யோசித்தாள்.

காரீயம் நிக்கல் காட்மியம்.
வாயைத் திறந்தேன்.
நாசிப்ரோலா எனக்கு முன் எழுந்து
கையைத் தட்டிவிட்டு
குதிரையைத் துடைத்தாள்.

படிவத்தில் எழுதினேன்:
மாதிரி நாற்பத்தொன்று, செல்லாது.
காரணம் எழுத ஒரு விரல் அகலக் கட்டம்.
"கழுவப்பட்டது" என்று எழுதினால்
அலுவலகத்தில் சிரிப்பார்கள்.
எழுதினேன்.

பிறகு அந்தத் துணியைக் கேட்டேன்.
எந்தத் துணி? இதா? ஐயோ, இதையா,
நல்லதாய் ஒன்று தருகிறேன், பூ போட்டது.
இல்லை, இதுதான்.
முகம் சிவந்து கொடுத்தாள்.
எத்தனை கன மீட்டர் காற்று, எத்தனை மணி நேரம்,
எந்தக் கணக்கிலும் அடங்காத துணி.
உறையில் போட்டு ஒட்டினேன். எண் கொடுக்கவில்லை.

புதுத் தாள் வைத்தேன்.
"ஜன்னலைத் துடைக்கலாமா?"
துடைக்கலாம்.
"இதை மட்டும்?"
இதை மட்டும் வேண்டாம்.

வியாழன் விடிகாலை போன் வந்தது.
குரல் தாழ்த்திப் பேசினாள், யாரோ உறங்குகிற அறையில் இருந்து.
"தினாரா, மூடியைத் திறக்கவில்லை,
கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறேன்.
சாம்பல் ஏறிக்கொண்டே இருக்கிறது.
இன்னும் எவ்வளவு நேரம்
நான் இதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருக்கணும்?"

கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஏழு மணி நேரம் என்றேன்.